முந்திக்கொண்ட லீவு

மேனேஜரும் உதவி மேனேஜரும் ஒரே நேரத்தில் லீவு போகக் கூடாது. முதலில் எழுதிக் கொடுப்பவருக்கே லீவு. அந்த மருந்துக் கிடங்கில் முதலாளி போட்ட சட்டம் அது. ஒவ்வொரு முறையும் மேனேஜர் முந்திக்கொள்வார். சொந்தத் தங்கையின் கல்யாணத்தன்றுகூட உதவி மேனேஜர் கிடங்கில்தான் உட்கார்ந்திருந்தான். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

இன்று மேனேஜரிடம் ராஜினாமாக் கடிதத்தை நீட்டினான்.

"ஒரு மாசம் நோட்டீஸ் இருக்கணும், தெரியும்ல?"

"தெரியும் சார். எடுக்காத லீவு நிறையக் கிடக்கு. அதுக்குப் பணம்..."

"சல்லிக்காசு கிடையாது! வேணும்னா இந்த மாசமே லீவை எடுத்துத் தீர்த்துட்டுப் போ."

"நாளையிலேருந்தே எடுத்துக்கவா சார்?"

"தாராளமா!"

கம்பெனிப் பணத்தை மிச்சம் பிடித்த பூரிப்பில், அவன் எழுதிக் கொடுத்த லீவுக் கடிதத்தில் மேனேஜர் கையெழுத்தைப் போட்டார். கையோடு அதை முதலாளியிடம் கொடுத்துவிட்டு அவன் திரும்பி வந்தான்.

"முதலாளி சரின்னுட்டார் சார். இந்த மாசம் முழுக்க நீங்க இங்கேருந்து நகரக் கூடாதாம்."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

"அடேய், அடுத்த வாரம் என் பொண்ணு கல்யாணம்டா! நான் இன்னும் லீவே எழுதிக் கொடுக்கலையே!"

"பத்திரிகை வச்சீங்களே சார், மறப்பேனா? தங்கச்சியையும் கூட்டிட்டு வந்து முதல் வரிசையில உட்கார்றேன். எனக்குத்தான் லீவு கிடைச்சிடுச்சே!"