கார்த்திகையில் வாருங்கள்

காலையிலிருந்து தக்கை அசையவில்லை.

ஏரிதான் அசைந்துகொண்டிருந்தது. கரை தளும்பி, கலங்கல் வழியாக வழிந்து, எதிர்க்கரையில் நின்ற பனைகளை இடுப்பளவுக்கு நனைத்திருந்தது. அதைக் காட்டத்தான் அவரை வரவழைத்திருந்தார்கள்.

பட்டணத்திலிருந்து வந்த பச்சையப்பன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, சீமைத் தூண்டிலை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். பக்கத்தில் மண்புழுக் கொட்டாங்கச்சியோடு துலுக்காணம். பின்னால் ஊர்க் கர்ணம் நாகபூஷணம், கோட்டு மாட்டிக்கொண்டு. நிலக் கணக்கும் அவர் கையில், ஏரி மீன் குத்தகையும் அவர் பேரில். கோட்டிலிருந்து பாச்சை உருண்டை வாசனை வந்தது. மீன் கரைப்பக்கம் வராததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆவணியில் பச்சையப்பனின் கடிதம் வந்தது. உங்கள் ஊர்த் தண்ணீரில் இரண்டு நாள் மீன் பிடிக்க ஆசை, இடம் தெரிந்த ஆள் ஒருவன் துணைக்கு வேண்டும், எந்த மாதம் உகந்தது என்று தெரிவிக்கவும்.

தாளின் தலையில் சிங்க முத்திரை. அதைப் பார்த்ததும் நாகபூஷணம் எழுந்து நின்றுகொண்டுதான் மிச்சத்தைப் படித்தார்.

மீன் பிடிக்க எவனாவது சர்க்கார் தாளில் எழுதுவானா? ஆந்திரா தனியாகி மூன்று வருஷம் ஆகியும் எல்லை முடிவாகவில்லை. எல்லை பார்க்க ஓர் அதிகாரி வரப்போவதாக நகரிச் சந்தையில் பேச்சு. இவர்தான் அவர், தூண்டில் வெறும் வேஷம் என்று கர்ணம் தீர்ப்புச் சொன்னார். கர்ணம் சொன்னதை அந்த ஊரில் யாரும் மறுத்ததில்லை. அவரைக் கெடுத்ததே அதுதான்.

கோடு ஊருக்கும் ஏரிக்கும் நடுவே விழுந்தால் ஊர் ஒரு சர்க்காரில், மதகு இன்னொரு சர்க்காரில். தண்ணீர் திறக்கச் சொல்லி மனுப் போட்டு, பதில் வருவதற்குள் பயிர் வைக்கோலாகிவிடும்.

துலுக்காணத்துக்குப் போன வருஷம்தான் முக்கால் காணிக்குப் பட்டா கிடைத்திருந்தது. அவன் வம்சத்துக்கே முதல் நிலம். மதகுக்கு மூன்றாவது வயல்.

எந்த மாதம் என்று அவனைத்தான் கேட்டார்கள். ஊரில் மீனின் குணம் அறிந்தவன் அவன் ஒருவன்தான். எப்படி அறிந்தான் என்று குத்தகைக்காரர் அதுவரை கேட்டதில்லை. ஆனி என்றான். தண்ணீர் வற்றி மதகடியில் குட்டையாகும், விரால் அத்தனையும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"ஆனியில வந்தா மீனு தெரியும், ஏரி தெரியாது. கார்த்தியில வந்தா ஏரி தெரியும், மீனு தெரியாது. எது வோணும்னு நீங்களே சொல்லுங்க சாமி."

கார்த்திகை என்று பதில் போயிற்று. எந்த சர்க்காருக்கு எழுதுகிறோம் என்று நிச்சயமில்லாததால் தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றிலும் எழுதினார்கள்.

முதல் மணி நேரம் துலுக்காணம் பனியின் மேல் பழி போட்டான். அடுத்தது காற்று. அதற்கடுத்தது புழு. மீன் கடிக்காத நேரமெல்லாம் பச்சையப்பன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவனுக்கு வேண்டியதும் அதுதான்.

உச்சிப்பொழுதில் நாகபூஷணத்துக்குப் பொறுமை தீர்ந்தது. தொண்டையைச் செருமி, முந்நூறு ஏக்கர் பாசனம் என்று ஆரம்பித்து, ஐயா எல்லைக் கோட்டை ஏரிக்கு அந்தப் பக்கமாக இழுப்பதாகத்தானே உத்தேசம் என்று முடித்தார்.

பச்சையப்பன் விழித்தார். எந்தக் கோடு? அவர் ரயில்வேயில் கால அட்டவணை போடுகிறவர். தாள் ஆபீசில் மிச்சம் கிடந்தது, வீணாக்குவானேன் என்று அதில் எழுதினாராம்.

நாகபூஷணம் கோட்டுக்குள் இரண்டு அங்குலம் இறங்கினார்.

"எல்லை பாக்கறவர் எங்க எதிர்வீட்டுக்காரர் ஆச்சே. ஆனியிலயே இங்க வந்து பாத்துட்டுப் போயிட்டார். அவர் சொல்லித்தான் எனக்கு இந்த ஊரே தெரியும்" என்றார் பச்சையப்பன்.

ஊருக்கு வெளியே ஒரு பள்ளம், அதில் ஒருவன் வேட்டியாலேயே விராலை அள்ளிக்கொண்டிருந்தான் என்று எதிர்வீட்டுக்காரர் வர்ணித்தாராம். வரைபடத்தில் அந்த இடத்தில் நீலமாக ஏதோ இருந்ததாம். ஊர்க்காரனே ஏரி இல்லையென்று சாதித்ததால், பழைய தப்பு என்று அதை அடித்துவிட்டாராம். எல்லைக் கோட்டை ஊர் ஓரமாகவே போட்டு, மேலே அனுப்பியும் ஆகிவிட்டதாம். பள்ளம் என்ற பேச்சை நம்பி வந்துவிட்டேன், இத்தனை பெரிய ஏரி என்று தெரிந்திருந்தால் படகுக்கு ஏற்பாடு செய்திருப்பேன் என்று பச்சையப்பன் மெய்யாகவே வருத்தப்பட்டார்.

"யார்ரா அவன், ஏரிய இல்லன்னவன்?"

நாகபூஷணம் யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. கரையில் துலுக்காணத்தைத் தவிர வேறு யாரும் இல்லை.

துலுக்காணம் குனிந்து, கொட்டாங்கச்சியில் நல்ல புழுவாகத் தேடினான்.

அன்று ஆனி மாத வெயில். பின்னால் குடை கட்டிய சைக்கிள். இறங்கியவர் கையில் நோட்டு. குத்தகை ஏரியில் மீன் திருடுகிறவர்களைப் பிடிக்க வந்த சர்க்கார் ஆள் என்றுதான் நினைத்தான். மடித்துக் கட்டிய வேட்டிக்குள் ஐந்து விரால் துள்ளிக்கொண்டிருந்தன. ஏரி என்றால் அந்த ஐந்தும் கர்ணத்துடையவை. பள்ளம் என்றால் பிடித்தவனுடையவை.

வந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார், இது ஏரிதானே என்று.

அவர் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளட்டும் என்று துலுக்காணம் நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"ஏரியா? எங்க ஊர்ல ஏதுங்க சாமி ஏரி. இது எருமை பொரள்ற பள்ளம்."