பேசாத பட்டன்

"இன்னிக்கு ஒரு மணி நேரத்துக்கு உனக்குக் கண்ணு தெரியாது. புரிஞ்சுதா மேகனா?"

ஹரிஹரசுதன் கறுப்புக் கண்ணாடியை நீட்டினார். ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடியில் சின்ன கம்பெனி அவருடையது. வெளிநாட்டு வெப்சைட்டுகளைப் பார்வையில்லாதவர்களும் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்துச் சான்று தருவது தொழில்.

"இது தப்பில்லையா சார்?"

"தப்பும் சரியும் நாட்டைப் பொறுத்ததும்மா. ஐரோப்பாவுல சட்டம் எல்லா நாட்டுக்கும் பொதுதான். நடைமுறைதான் அவங்கவங்க இஷ்டம். ஒரு நாட்டுல அபராதம் போட்டுத் தீட்டிடுவாங்க. இன்னொரு நாட்டுல, 'முயற்சி செய்துகொண்டிருக்கிறோம்'னு பக்கத்துக்கு அடியில ஒரு வரி போட்டா ஆளை விட்டுடுவாங்க."

"நம்ம கிளையண்ட் நாட்டுல?"

"அங்கதான் வம்பு. சோதிக்கிறவருக்கும் பார்வை இருக்கக்கூடாது. அதை ஓகே பண்ற அதிகாரிக்கும் இருக்கக்கூடாது. இன்னிக்கு ஓகே ஆகலைன்னா கான்ட்ராக்ட் போச்சு. கூடவே உன் வேலையும்."

மேகனா கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"காலையில லால்குடியிலேருந்து அனுசுயான்னு ஒருத்தங்க இன்டர்வியூவுக்கு வந்தாங்களே. நிஜமாவே பார்வை இல்லாதவங்க. அவங்களையே எடுத்திருக்கலாமே சார்?"

"எடுத்திருக்கலாம். ஆனா திரையை வாசிச்சுக் காட்டுற சாஃப்ட்வேரை ஓடவிட்டுக் கேட்டுட்டு, 'பணம் கட்டுற பட்டன் பேசவே இல்ல சார்'னு பட்டுனு சொல்லிட்டாங்க. அதிகாரிகிட்டயும் அதையேதானே சொல்லுவாங்க?"

"அப்ப பட்டனைச் சரிபண்ணச் சொல்லலாமே?"

"சரிபண்ணவா நம்மளை வெச்சிருக்காங்க? சரியா இருக்குன்னு சொல்லத்தாம்மா."

"பாவம். அவங்ககிட்ட என்ன சொல்லி அனுப்பினீங்க?"

"தினம் பஸ்ல வந்து போறது உங்களுக்குச் சிரமம்மான்னு அக்கறையாத்தான் சொன்னேன்."

வீடியோ அழைப்பு வந்தது. மேகனா கிசுகிசுத்தாள்.

"அந்த அதிகாரி மேடத்துக்குத்தான் கண்ணு தெரியாதே. எனக்கு எதுக்கு சார் கண்ணாடி?"

"பக்கத்துல யாராவது உக்காந்திருந்தா? மாட்டிக்கோ!"

திரையில் அதிகாரி அம்மா வந்தார். அவரும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

மேகனா கிளையண்டின் வெப்சைட்டில் படகு டிக்கெட் எடுக்கத் தொடங்கினாள். கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தது. பணம் கட்டும் இடத்தில் ஊமையாகிவிட்டது. மேகனா சத்தமில்லாமல் மௌஸை நகர்த்தி, பட்டனைப் பார்த்து அழுத்தினாள்.

"முடிஞ்சுது மேடம். எந்தத் தடையும் இல்லை."

ஹரிஹரசுதன் மனசுக்குள் வேண்டிக்கொண்டார். 'ரங்கா, இந்த ஒரு தடவை!'

"நானும் இங்கே அதே பக்கத்தை முழுசாகக் கேட்டுப் பார்த்தேன்" என்றார் அந்த அம்மா, ஆங்கிலத்தில். "பணம் கட்டும் பட்டன் உள்பட எல்லாமே தெளிவாகப் பேசுகிறது. அனுமதி கொடுத்துவிடுகிறேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இங்கே பேசாத பட்டன் அங்கே மட்டும் எப்படிப் பேசியது?

"ஏதோ நம்ம அதிர்ஷ்டம், அவங்களுக்குப் பேசிடுச்சு போல. விடு" என்று முணுமுணுத்தார் ஹரிஹரசுதன். "தேங்க்யூ மேடம். பை மேடம்!"

"ஒரு நிமிஷம்" என்றார் அந்த அம்மா. "ரொம்ப நேரமாகக் கேட்க நினைத்தேன். உங்களுக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே, வெள்ளை வெளேரென்று தெரிகிறதே... அது என்ன கோபுரம்?"