புகாரே வராத புரோகிராமர்

எங்கள் சிதம்பரம் ஆபீசில் எல்லோரையும் கூட்டிவைத்து மேனேஜர் வெண்மதி என்னைப் பாராட்டினார்.

“ரைஸ் மில் சாஃப்ட்வேரோட பழைய பக்கங்கள எல்லாம் செல்வன் அழகா மாத்தி மூணு மாசமாவுது. காட்டுமன்னார்கோயில் மில்லுக்காரங்க ஒருத்தர்கூட கொற சொல்லல. ராபர்ட் தொட்டா மட்டும் தெனமும் போன் வருது. இனிமே டீம் லீடர் செல்வன்தான்.”

ராபர்ட் தலைகுனிந்தான். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

“எப்படி வேல செய்றீங்கன்னு இவுங்களுக்கும் காட்டுங்க செல்வன்.”

லேப்டாப்பைப் பெரிய திரையில் இணைத்தேன். “பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு தடவைக்கு ரெண்டு தடவ படிச்சுப் பாத்துட்டுதான் புஷ் பண்ணி சர்வருக்கு அனுப்புவேன்” என்று சொல்லியபடி புஷ் கொடுத்தேன்.

திரையில் வந்ததை ராபர்ட் உற்றுப் பார்த்தான்.

“மச்சான், உன் செட்டிங்ல புரோகிராம எடுக்குற முகவரிதான் ஆபீஸ் சர்வரு. அனுப்புற முகவரி உன் லேப்டாப்லயே ஒரு ஃபோல்டரா இருக்கே.”

வேலைக்குச் சேர்ந்த வாரம், பழகிப் பார்க்க நானே வைத்த ஃபோல்டர் அது. இத்தனை நாளும் நான் எழுதிய ஒரு வரிகூட எந்த மில்லுக்கும் போகவில்லை.

“இப்பவே மாத்திடறேன் மேடம்” என்றேன்.

வெண்மதி கையை நீட்டி என்னைத் தடுத்தார்.

“லீடர் நீங்கதான் செல்வன். அந்த முகவரிய மட்டும் மாத்திடாதீங்க.”