பதினேழாவது மணி

பந்தயத்தை நிறுத்தும் சிவப்புக் கொடி உயர்ந்தபோது அச்சிமுகம்மதுவின் பெருவிரல் தஸ்பீஹ் மாலையின் பதினேழாவது மணியில் இருந்தது.

மழையென்றால் கண்ணை மூடிக்கொண்டு கொட்டிய மழை. கடல் எங்கே முடிகிறது, கரை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. எட்டு மோட்டார் சைக்கிள்களும் ஈர மணலில் ஆங்காங்கே சாய்ந்து நின்றன. நோன்புப் பெருநாளின் மறுநாள் பந்தயம் பார்க்க வந்த கல்முனைச் சனமும் பாண்டிருப்புச் சனமும் ஒரே மீன்வாடிக்குள் ஓடிப் புகுந்து, முதுகோடு முதுகு முட்டிக்கொண்டு நின்றார்கள்.

வென்றது யார்?

அதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

இரண்டு பீப்பாய்களைச் சுற்றி முப்பத்திமூன்று சுற்று. பாதியைத் தாண்டி, பதினேழு சுற்று முடிந்த பிறகு மழை வந்து குழப்பினால் முன்னால் நிற்பவன் வென்றவன். பதினேழு ஆகவில்லையென்றால் மறுநாள் முதலிலிருந்து ஓட வேண்டும். விளையாட்டுக் கழகம் போட்ட சட்டம் அது. முன்னால் நின்றவன் பாண்டிருப்புப் புண்ணியமூர்த்தி. அரைச் சுற்றுப் பின்னால் கல்முனை முனாப். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. எத்தனையாவது சுற்று என்பதில்தான் சண்டை.

பதின்மூன்று என்றான் ஒருவன். பத்தொன்பது என்றான் அவனுடைய மச்சான். பதினாறரை என்று ஒருவர் அடித்துச் சொன்னார். அந்த அரை எங்கிருந்து வந்தது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

ஐந்து மணிக்குள் கரையைவிட்டுப் போய்விட வேண்டும் என்று அதிரடிப்படை முகாமில் சொல்லியிருந்தார்கள். மழை விடும்வரை காத்திருக்கவும் வழியில்லை.

கணக்கு அச்சிமுகம்மதுவின் கையில். அவர் கல்முனைப் பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் மோதினார். அவரைக் கேட்டு வாங்கியதே பாண்டிருப்புக்காரர்கள்தான். ஐந்து வேளையும் ஒரு நிமிடம் பிந்தாத மனிதர், அவருடைய பாங்கைக் கேட்டுத்தானே நாங்களும் வயலுக்கு இறங்குகிறோம், அவர் வாயில் பொய் வராது என்றார்கள். அவருக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. சுற்றுக்கு ஒரு மணி உருட்டினால் முப்பத்திமூன்று மணித் தஸ்பீஹ் முடியப் பந்தயமும் முடியும். இதைவிட லேசான வேலை உண்டா?

"மோதினார், எத்தின சுத்து? சொல்லுங்களன்," என்றான் குணம். பாண்டிருப்புக் கூட்டத்துக்கு அவன்தான் தலைவன். "நீங்க சொன்னா நாங்க மறுகதை கதைக்கமாட்டம்."

பதினேழு என்று சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

மழைக்கு முன்னால் இடி இடித்ததே! ஒன்றல்ல, அடுக்கடுக்காக. இடி கேட்டால் அவருடைய நாக்கு தன்பாட்டில் ஸுப்ஹானல்லாஹ் என்று ஓதும். நாக்கு ஓதினால் விரல் தன்பாட்டில் மணியை உருட்டும். முப்பது வருடப் பழக்கம். இன்றைக்குத் தஸ்பீஹ் வந்திருப்பது பந்தயத்துக்கு என்று விரலுக்கு யார் சொல்வது?

எத்தனை மணி சைக்கிளுக்கு, எத்தனை மணி இடிக்கு? ஒன்றா, மூன்றா, ஒன்றுமே இல்லையா? நினைக்க நினைக்க எல்லாம் கலங்கியது.

நடந்ததை நடந்தபடியே சொன்னார். பதினேழு என்று ஆணையிட்டுச் சொல்லத் தன்னால் இயலாது என்றார்.

கல்முனைப் பக்கம் கொஞ்ச நேரம் விழித்தது. பிறகு ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். யாரோ ஒருவன் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தான். மோதினாரின் மூளையே மூளை என்றான் இன்னொருவன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உண்மையைச் சொன்னவனுக்கு இதென்ன பாராட்டு?

பாண்டிருப்புப் பக்கம் ஒருவரும் சிரிக்கவில்லை. புண்ணியமூர்த்தி ஹெல்மெட்டைக் கழற்றி, அதிலிருந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, திரும்பவும் மாட்டிக்கொண்டான். முணுமுணுத்தவர்களைக் குணம்தான் கையமர்த்தினான்.

"இடிச்சது எனக்கும் கேட்டதுதானே. மோதினார் பொய் சொல்லமாட்டார். நாளைக்கு ஓடுவம்."

அல்ஹம்துலில்லாஹ். ஒரு மனிதனாவது நம்பினான். அச்சிமுகம்மதுவுக்கு அழுகையே வந்துவிட்டது. குணத்தின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் முனாப் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். பேசப் பழகிய நாளிலிருந்து அவரை மோதினார் என்று மட்டுமே கூப்பிட்டவன். பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி, பக்கத்தில் நின்றவரின் குடையைப் பறித்து அச்சிமுகம்மதுவின் தலைக்கு மேல் பிடித்தான்.

"நனையாதீங்க மாமா. வாங்க, ஊட்ட கொண்டுபோய் உடுறன்."

மாமா.

மகள் ஸுஹைறாவுக்குச் சீதனமென்று கட்டிய வீட்டுக்கு ஓடு போட்டு ஏழு மாதம். முனாபை மாப்பிள்ளை கேட்டு ஆளனுப்பி நாற்பது நாள். சம்மதம் என்றும் வரவில்லை, இல்லையென்றும் வரவில்லை. இரண்டு வீட்டாரைத் தவிர வெளியில் எவருக்கும் தெரியாது. இப்போது இத்தனை பேர் நடுவில் பதில் வந்துவிட்டது.

குணம் முனாபைப் பார்த்தான். குடையைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் தன் கையை விடுவித்துக்கொண்டான்.

இடிக்குத்தான் விரல் உருண்டது என்று அவனிடம் சத்தியம் பண்ணிச் சொல்ல அச்சிமுகம்மது அவசரமாக வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து, இடிக்கு விரல் உருண்டதா என்பதே அவருக்கு நிச்சயமில்லாமல் போயிற்று.