பொருநைக்கல்

‘உலகம் இதுவரை கண்டிராத படிகம். அமைப்பை உறுதிசெய்ய இன்னும் இரண்டு மணிகள் அனுப்பவும்’ என்று கல்கத்தா நிபுணர் எழுதி ஏழு மாதமாகிறது.

மணிமுத்தாற்றுப் பாறையில் தான் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்ற இடத்தில், அரிசி அளவில் கிடைத்த அந்தப் பச்சை மணிக்குப் பாளையங்கோட்டை வாத்தியார் பாக்கியசீலன், ஊர் ஆற்றின் பழம்பெயரால் ‘பொருநைக்கல்’ என்று பெயரே வைத்துவிட்டார். வேறொன்றுகூட அகப்படவில்லை.

பதினெட்டாவது தடவையும் மலையேறிவிட்டு, வெறுங்கையோடு வந்து இலைமுன் உட்கார்ந்தார்.

“அந்த மலையில நான் சலிக்காத மண்ணே இல்ல. எங்கன போய் ஒளிஞ்சிருக்கோ!”

“முதல்ல சாப்பிடுங்க” என்றாள் மனைவி ஜெபகனி.

இரண்டாவது கவளத்திலேயே நறுக்கென்று பல்லில் கல் கடிபட்டது. இலையோரத்தில் துப்பினார்.

“ஏட்டி, அரிசியில கல்லு பொறுக்கக்கூட உனக்கு நேரமில்லையா?”

“தினம் ஒரு கை கல்லைப் பொறுக்கிக் கொல்லையில எறியுதேன். ஒண்ணு ரெண்டு தப்பத்தான் செய்யும். இங்கன வெள்ளாமை படுத்துட்டுன்னு ஒரு வருஷமா ரங்கூன் அரிசிதான வாங்குதோம்!”

பதிலுக்குக் கத்த வாயெடுத்த பாக்கியசீலன், துப்பிய கல்லைக் குனிந்து பார்த்தார்.

இலையோரத்தில் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது, இரண்டாவது பொருநைக்கல்.