முதலில் வெளிப் பூட்டு

"கட்டின புருஷன்னுகூடப் பார்க்கலையே, இவளெல்லாம் ஒரு பொண்டாட்டியா?"

தாடிக்காரன் முணுமுணுத்ததுதான். ஆனால் ஆபீஸ் முழுக்கக் கேட்டது.

பின்னே? பக்கவாதத்தில் படுத்த மனுஷர் தேறி, வேலைக்குத் திரும்பி ஒரு மாதம்தான் ஆகிறது. இந்த முறை எழுதிய புரோகிராம் தேறினால் பழைய வேலை. இல்லையென்றால், 'உடம்பைப் பார்த்துக்கோங்க' என்று ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குள் ஃபைல்களை இடம் மாற்றும் பகுதி அவருடையது. குழுவில் மற்ற நாலு பேரும் படித்துப் பார்த்து 'சரி' போட்டால்தான் அது உள்ளே போகும். தலைவரையும் சேர்த்து மூன்று பேர், டீ ஆறுவதற்குள் போட்டுவிட்டார்கள். நாலாவது ஆள் அவர் மனைவி. மகராசி, எல்லார் திரையிலும் தெரியும்படி 'கூடாது' என்று போட்டுவிட்டாள்.

தலைவர் அவள் மேஜைக்கே வந்துவிட்டார்.

"என்னம்மா இது? மனுஷன் இப்பத்தான் எழுந்து நடமாடறார்."

"பூட்டற வரிசை தப்பு சார். ஃபைலை நகர்த்தும்போது, எடுக்கற ஃபோல்டர், வைக்கற ஃபோல்டர் ரெண்டையும் வேற புரோகிராம் தொடாதபடி பூட்டணும். வெளி ஃபோல்டர் முதல்ல, அதுக்குள்ள இருக்கறது அப்புறம். இவர் உள்ளே இருக்கறதை முதல்ல பூட்டியிருக்கார்."

"அதனால குடியா முழுகிடும்?"

"முழுகும் சார். அதே நேரத்துல இன்னொரு புரோகிராம் வெளி ஃபோல்டரைப் பூட்டிட்டு உள்ளே வரும். இது உள்ளே பூட்டிட்டு வெளியே போகும். நீ விடு, நீ விடுன்னு ரெண்டும் நின்னுக்கிட்டே இருக்கும். மெஷின் அப்படியே உறைஞ்சுடும்."

"இதை வீட்டுல வெச்சு, தனியா, பக்குவமா சொல்லியிருக்கலாமில்ல?"

"ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டுபோறதில்ல சார்."

வாய் துடுக்காகத்தான் சொன்னது. கண் நிறைந்துவிட்டது. ராத்திரியெல்லாம் தூங்காமல் அவருக்கு எழுதப் பழக்கிய கை அவளுடையது. அவளுக்கு மட்டும் வலிக்காதா?

அதற்குள் அவரே வலது காலை இழுத்து இழுத்து வந்து சேர்ந்தார். எல்லார் தலையும் குனிந்தது.

"மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் தலைவர். "நான் பார்த்து உள்ளே அனுப்பிடறேன்."

"வேண்டாம் சார்." ஒவ்வொரு சொல்லாக, நிதானமாகத்தான் வந்தது. "சரியான புரோகிராம் என் மெஷின்ல ரெடியா இருக்கு. அதை அனுப்பறேன்."

"அப்ப இது?"

"வேணும்னேதான் வரிசையை மாத்தி வெச்சேன்."

தாடிக்காரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதுக்குண்ணே?"

"திரும்பி வந்ததுலேர்ந்து நான் எதை எழுதினாலும் பிரமாதம், பிரமாதம்ங்கறீங்க. என் மூளை வேலை செய்யுதா இல்லையான்னு எனக்கே தெரியாமப் போச்சு."

சொல்லிவிட்டு மனைவியின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க மூணு பேரும் என் காலைப் பார்த்து 'சரி' போட்டீங்க. என் புரோகிராமைப் படிச்சது இவ ஒருத்திதான்."