சங்கத்துக்கு எதுக்கு மைக் செட்?

“காது கேளாதோர் சங்கத்துக்குப் போய் மைக் செட் வித்திருக்கீங்க. உங்களுக்கே இது நல்லாயிருக்கா?”

கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு வேண்டியதும் அதுதான். இடுப்பு உயர ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டையும் யாரும் தாண்டிப் போக முடியாதபடி நடுவழியில் இறக்கச் சொல்லியிருந்தாள்.

வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பட்டப்பெயர். படிப்பது என்னவோ தாவரவியல். நேற்றுதான் விடுதியிலிருந்து லீவுக்கு வந்தாள். ஆண்டு விழா வருகிறதே, சங்கத்து ஹாலைப் பெருக்கிக் கொடுப்போம் என்று காலையில் போனவள், பெட்டிகளைப் பார்த்ததும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வண்டி பிடித்துவிட்டாள்.

சங்கத்தின் பொருளாளர் அவள் சித்தப்பா. பிறவியிலேயே காது கேளாதவர். தையல்காரர். அவரும் அவரைப் போன்றவர்களும் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு அது. அதில் போய் அவர் தலையில் மைக் செட்டைக் கட்டுவதா?

விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று சுவரில் தொங்கிய பலகையைக் காட்டினார் கடைக்காரர். பலகையில் எழுதிவிட்டால் சட்டமாகிவிடுமா என்று கேட்டாள் அவள். நுகர்வோர் மன்றத்தில் இந்தப் பலகையையும் சேர்த்தே காட்டலாம் என்றாள்.

“நானும் கேட்டேம்மா, யாருக்குன்னு. சிரிச்சுக்கிட்டே இதுதான் வேணும்னு கையைக் காட்டினாரு.”

“நீங்க எதைக் காட்டியிருந்தாலும் அவர் தலையாட்டியிருப்பார். திருப்பிக் கேக்க மாட்டார்னு உங்களுக்குத் துணிச்சல். அவருக்காகப் பேச நான் இருக்கேன்.”

மிக்சி வாங்க வந்திருந்த அம்மாள், பொண்ணு கேட்பது நியாயம்தானே என்றார். பக்கத்தில் நின்றவரும் ஆமாம் போட்டார். வியாபார நேரத்தில் இது வேறா என்று கடைக்காரர் இறங்கி வந்தார்.

“சரிம்மா, எடுத்துக்கறேன். பில் அவர் பேர்ல இருக்கு. அவர் ஒரு தடவை தலையை ஆட்டட்டும், போதும்.”

அவ்வளவுதானே. அவள் வெற்றிக் களிப்போடு வீடியோவில் கூப்பிட்டாள்.

திரையில் சித்தப்பா வந்தார். காலி ஹாலில் நின்றுகொண்டிருந்தார். அவளுக்குப் பின்னால் இருந்த பெட்டிகளைப் பார்த்ததும், களவு போகவில்லை என்று ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் மளமளவென்று பேச ஆரம்பித்தார்.

அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

“என்ன சொல்றாரு?” என்றார் கடைக்காரர்.

“ஒண்ணுமில்லை. வீட்டு விஷயம்.”

அவள் உதடுகளைப் படித்துவிட்டார் சித்தப்பா. சொன்னதை அப்படியே சொல் என்று விரலை ஆட்டினார்.

சைகையைக் குரலாக்குகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. கை சொல்வதைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ‘அவர் சொல்கிறார்’ என்று தள்ளி நிற்காமல் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். சித்தப்பாவுக்காக அவள் எத்தனையோ இடங்களில் அப்படிப் பேசியிருக்கிறாள். ஆனால் இந்தக் கடையில் இவ்வளவு நேரம் பேசியதில் அவர் சொன்னது ஒரு வார்த்தைகூட இல்லை.

மறுபடியும் கைகள் அசைந்தன. இந்த முறை நிதானமாக.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைக்காரரைப் பார்த்துச் சொன்னாள்:

“இந்த வருஷ விழாவுக்குத் தெருவுல இருக்கிற எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன். அவங்களுக்கெல்லாம் காது கேக்கும், ஆனா எங்க கை பேசறது புரியாது. அதை ஒருத்தர் மைக்ல சொல்லணும். அவங்க கூட்டத்துல ஒண்ணும் புரியாம ஓரமா உக்காந்து எனக்குப் பழக்கம். எங்க கூட்டத்துக்கு வர்றவங்க அப்படி உக்காரக் கூடாது.”